உபுண்டுவை விட்டு பிஎஸ்டிக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் பதினெட்டுப் பேர் வேலை செய்யும் நூல் வியாபார அலுவலகம் ஒன்றில் கணினி, நெட்வொர்க் எல்லாம் உங்கள் பொறுப்பு. மூன்று வருடமாக உபுண்டு பழக்கம். டேலி டேட்டாவும் மற்ற ஃபைல்களும் ஒரே இடத்தில் இருக்க ஃபைல் சர்வர் ஒன்று போட வேண்டும். அதற்கு 8 ஜிபி ரேமும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் உள்ள பெட்டி இருக்கிறது. மூலையில் கிடக்கும் 1 ஜிபி ரேம் பெட்டியை இன்டர்நெட் வாசலில் ஃபயர்வாலாக நிறுத்த ஆசை. மூன்றாவது, உங்கள் சொந்த லேப்டாப். ஒரு நண்பர் "ஃப்ரீபிஎஸ்டிதான் அசல் யூனிக்ஸ்" என்கிறார். இன்னொருவர் "ஓபன்பிஎஸ்டியை யாராலும் உடைக்க முடியாது" என்கிறார். நெட்பிஎஸ்டி பெயரும் காதில் விழுந்திருக்கிறது. மூன்றும் யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளங்கள். இவற்றில் எது சிறந்தது, லினக்ஸை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

"எது சிறந்தது" என்ற வடிவத்தில் கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். உள்ளே இருக்கும் கவலை வேறு. ஞாயிறு இரவு சர்வர் படுத்துக்கொண்டால், திங்கள் காலை முதலாளி வருவதற்குள் நான் ஒற்றை ஆளாக அதை எழுப்பிவிட முடியுமா? இதற்குத்தான் பதில் வேண்டும் என்று நினைக்கிறேன். அதை வைத்தே எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் என் பேச்சுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று தெரியும். திருப்பூர், கோவை பக்கம் பத்துப் பேரிலிருந்து அறுபது பேர் வரை உள்ள அலுவலகங்களுக்கு 22 வருடமாக சர்வர் பார்க்கிறேன். டெபியனும் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) ஃப்ரீபிஎஸ்டியும் அன்றாடச் சோறு. ஓபன்பிஎஸ்டியை ஃபயர்வால்களில் மட்டும் நீண்ட நாள் ஓட்டியிருக்கிறேன். நெட்பிஎஸ்டி எனக்குப் பொழுதுபோக்கு. பெரிய டேட்டா சென்டர் பக்கம் போனதில்லை. டெஸ்க்டாப்பாக பிஎஸ்டியை ஒரே மூச்சில் நான்கு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததும் இல்லை.

முதலில் அந்த "அசல் யூனிக்ஸ்" பேச்சு. ரத்த உறவு என்று பார்த்தால் நண்பர் சொல்வது சரி. 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் மூலநிரல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே பில் ஜாய் 1978-ல் முதல் பிஎஸ்டி டேப்பை வெளியிட்டார். 1983-ல் வந்த 4.2பிஎஸ்டியில் இன்டர்நெட்டின் அடிப்படை விதிமுறையான டிசிபி/ஐபி கூடவே வந்ததால் இன்டர்நெட்டின் பிள்ளைப்பருவமே பெர்க்லி நிரலில்தான் கழிந்தது. 1992-ல் ஏடி&டியின் யூனிக்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 1994 பிப்ரவரியில் சமரசம் ஆனபோது சுமார் 18,000 ஃபைல்களில் நீக்கவேண்டி வந்தவை மூன்றே மூன்று. எழுபது ஃபைல்களில் காப்புரிமை வரி சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வருடத் தடுமாற்றத்தில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தொடங்கிய லினக்ஸ் எங்கேயோ முன்னேறிப் போய்விட்டது. தான் தொடங்கும்போது 386பிஎஸ்டி (சாதாரண பிசியில் ஓடும் பிஎஸ்டி) கையில் கிடைத்திருந்தால் லினக்ஸ் அநேகமாகப் பிறந்தே இருக்காது என்று டோர்வால்ட்ஸே 1993-ல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே 386பிஎஸ்டி வழியில்தான் 1993-ல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் வந்தன. நெட்பிஎஸ்டியின் தலைமைக் குழுவிலிருந்து வெளியேறச் சொல்லப்பட்ட தியோ டி ராட் 1995-ல் ஓபன்பிஎஸ்டியைப் பிரித்துக்கொண்டு போனார். நம் ஊர்க் கூட்டுக்குடும்பக் கதைதான்.

வேடிக்கை என்னவென்றால், யூனிக்ஸ் என்ற பெயரைச் சட்டப்படி போட்டுக்கொள்ள சான்றிதழ் வாங்க வேண்டும். அதை ஃப்ரீபிஎஸ்டி வாங்கவில்லை. 2007-ல் வந்த லெப்பர்ட் பதிப்பில் ஆப்பிளின் மேக் வாங்கியது. ஆக, "அசல்" என்பதை வைத்து உங்கள் அலுவலகத்துக்கு ஒரு முடிவும் எடுக்க முடியாது. நண்பரிடம் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

அந்த வம்சாவளியால் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உபுண்டுவில் கெர்னல் என்ற மையக்கரு ஒரு கூட்டம் எழுதுவது, ஷெல்லும் சின்னச் சின்னக் கட்டளைகளும் இன்னொரு கூட்டம், சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வேறு கூட்டம், எல்லாவற்றையும் ஒட்டித் தருவது டெபியன், அதன்மேல் உபுண்டு. பிஎஸ்டிகளில் கெர்னல், கட்டளைகள், சி லைப்ரரி, மேனுவல் பக்கங்கள் எல்லாம் ஒரே மூலநிரல் மரத்தில், ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. அடிப்படை சிஸ்டம் ஒன்றாகவே வெளியாகும். ஃபயர்ஃபாக்ஸ், விண்டோஸ் மெஷின்களோடு ஃபைல் பகிரும் சாம்பா மாதிரி வெளியாள் சரக்கு தனி இடத்தில், தனி டைரக்டரியில் உட்காரும். எது சிஸ்டம், எது நான் போட்டது என்று ஐந்து வருடம் கழித்தும் தெளிவாகத் தெரியும்.

இது வெறும் அழகு விஷயம் இல்லை என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்இசட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் லைப்ரரியில் யாரோ பொறுமையாகக் காத்திருந்து பின்கதவு வைத்துவிட்டார்கள். குறி, தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர். ஆனால் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் எழுதும் ஓபன்எஸ்எஸ்ஹெச் அந்த லைப்ரரியைத் தொடுவதே கிடையாது. சில லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ் வகைகள்) சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக எஸ்எஸ்ஹெச்சில் ஒரு சின்ன ஒட்டுப் போட்டிருந்தன. அந்த ஒட்டு சிஸ்டம்டி லைப்ரரியை இழுத்தது, அது எக்ஸ்இசட்டை இழுத்தது. மூன்று குழுக்களும் தனித்தனியாகச் சரியாகத்தான் வேலை பார்த்தார்கள். ஓட்டை அவர்களுக்கு இடையில் இருந்தது. லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் குடைந்து பார்த்ததால் உலகம் தப்பித்தது. அதே வருடம் ஜூலையில் ஓபன்எஸ்எஸ்ஹெச்சிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. லினக்ஸில் ரூட் (மெஷினின் முழு அதிகாரம்) வரை போகக்கூடியது. ஓபன்பிஎஸ்டியில் அது வேலை செய்யவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் பாதுகாப்பான ஒரு ஃபங்ஷனை அவர்கள் 2001-லேயே எழுதி வைத்திருந்தார்கள்.

இதைப் படித்ததும் இரண்டாவது நண்பர் சொன்னது சரி என்று தோன்றும். பொறுங்கள். ஓபன்பிஎஸ்டியின் இணையதளத்தில், இத்தனை வருடத்தில் வெளியிலிருந்து புகக்கூடிய ஓட்டை இரண்டே இரண்டு என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த வரியில் "டிஃபால்ட் இன்ஸ்டாலில்" (எதையும் மாற்றாமல் நிறுவியபடியே) என்ற சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டிஃபால்ட் இன்ஸ்டாலில் வெளியுலகத்துக்குத் திறந்த சர்வீஸ் கிட்டத்தட்ட எதுவுமே ஓடாது. 2020 ஜனவரியில் அவர்களுடைய சொந்த மெயில் சர்வரில் ரூட்டாக எதை வேண்டுமானாலும் ஓட்டக்கூடிய ஓட்டை வந்தது. டிஃபால்ட்டில் அது அந்த மெஷினுக்குள் மட்டும் காது கொடுப்பதால் அந்த "இரண்டு" மூன்றாகவில்லை. வெளியிலிருந்து மெயில் வாங்க அதைத் திறந்து வைத்திருந்தவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்களுடைய ஒழுக்கம் அசாத்தியமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் நீங்கள் அதன்மேல் எதை நிறுவி, எதைத் திறந்து வைக்கிறீர்கள் என்பதற்கு அவர்கள் ஜாமீன் நிற்க முடியாது.

சரி, உங்கள் மூன்று பெட்டிகள்.

ஃபைல் சர்வருக்கு என் ஓட்டு ஃப்ரீபிஎஸ்டிக்கு. காரணம் ஒரே சொல்: இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ஃபைல் சிஸ்டம். ஃப்ரீபிஎஸ்டிக்குள் 2008-ல் 7.0 பதிப்பில் வந்தது. எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் (டேட்டா கெட்டதா என்று சரிபார்க்கும் எண்) வைத்துக்கொள்ளும். இரண்டு டிஸ்க்கை மிரராக (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி) போட்டால், ஒன்றில் டேட்டா சத்தமில்லாமல் கெட்டுப்போயிருந்தாலும் படிக்கும்போது கண்டுபிடித்து மற்ற டிஸ்க்கிலிருந்து திருத்தி எழுதிவிடும். அந்த நேரத்து ஃபைல்களின் நிலையை உறையவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நொடி ஆகாது. மாறிய பகுதிக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு பனியன் கம்பெனியில். அவர்களுடைய டேலி ஃபோல்டர் சாம்பா வழியாக ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் இருந்தது. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு ஃபோன். "சார், டேலி ஓப்பன் ஆகலை, ஃபோல்டர்ல எல்லாம் என்னமோ புது பேரா இருக்கு." கணக்குப் பிரிவு விண்டோஸ் மெஷின் ஒன்றில் யாரோ மெயிலில் வந்த இன்வாய்ஸைத் திறந்துவிட்டார்கள். ரான்சம்வேர். ஷேரில் எழுத அனுமதி இருந்த எல்லா ஃபைலையும் அது பூட்டிக்கொண்டு போயிருக்கிறது. நான் முதலில் அந்த மெஷினின் நெட்வொர்க் கேபிளை உருவச் சொன்னேன். பிறகு சர்வரில் நுழைந்து, மணிக்கொரு தடவை எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் வரிசையைப் பார்த்தேன். இரண்டு மணி ஸ்னாப்ஷாட் சுத்தமாக இருந்தது. அதற்குத் திரும்ப ஒரே கட்டளை. அன்று இழந்தது கிட்டத்தட்ட ஒரு மணி நேர என்ட்ரி. ஆறு மணிக்குள் திரும்பப் போட்டுவிட்டார்கள். கிளையன்ட் மெஷினில் இருந்து எவ்வளவு ஆட்டம் போட்டாலும் அந்த ஸ்னாப்ஷாட்டைத் தொட முடியாது என்பதுதான் விஷயம். ஒன்று மட்டும் கவனம்: ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. பெட்டியே திருடு போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். வெளியே ஒரு டிஸ்க்கில் தனிப் பிரதி கண்டிப்பாக வேண்டும்.

இங்கே நீங்கள் நியாயமாக ஒன்று கேட்கலாம். இசட்எஃப்எஸ் உபுண்டுவிலும் இருக்கிறதே? இருக்கிறது. 2016-ல் 16.04 வெளியானதிலிருந்து கெர்னலோடு சேர்த்தே தருகிறார்கள். 2020-ல் இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூலநிரல் வடிவமான ஓபன்இசட்எஃப்எஸ் 2.0 வந்த பிறகு லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஒரே மூலநிரல்தான். ஆகவே டேட்டா பாதுகாப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 நவம்பரில் காப்பி செய்த ஃபைலின் நடுவே பூஜ்யங்கள் வருகிற பிழை ஒன்று வெளியானபோது இரண்டு பக்கமும் சேர்ந்தேதான் பதறினார்கள். வித்தியாசம் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. லைசென்ஸ் பொருத்தம் இல்லாததால் லினக்ஸ் கெர்னல் மரத்துக்குள் இசட்எஃப்எஸ் சேர முடியாது, எப்போதும் விருந்தாளிதான். டெபியனில் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் மாட்யூலை உங்கள் மெஷினிலேயே புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும். அது என்றாவது ஒரு நாள் பாதியில் நின்றால் டேட்டா பத்திரமாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ரீபிஎஸ்டியில் இந்த வம்பு இல்லை. மேலும் பூட் என்விரான்மென்ட் என்று ஒன்று உண்டு. அப்டேட் போடும் முன் சிஸ்டத்தின் நகல் ஒன்றை நொடியில் எடுத்து வைக்கலாம். அப்டேட் சொதப்பினால் ரீபூட் செய்து, தொடக்க மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். நீங்கள் பயப்படும் ஞாயிறு இரவுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

8 ஜிபி ரேம் போதுமா என்றால், தாராளம். டெராபைட்டுக்கு ஒரு ஜிபி வேண்டும் என்று பல இடத்தில் படிப்பீர்கள். அது டீடியூப்ளிகேஷன் (ஒரே டேட்டா பல இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது) போன்ற கனமான வேலைகளைச் சுற்றி வளர்ந்த பேச்சு. பதினெட்டுப் பேருக்கு சாம்பா ஓட்ட அந்தக் கணக்கு தேவையில்லை. டீடியூப்ளிகேஷனை மட்டும் ஆசைப்பட்டு இயக்கிவிடாதீர்கள். நெட்ஃப்ளிக்ஸ் ஒரே ஃப்ரீபிஎஸ்டி சர்வரிலிருந்து நொடிக்கு 400 கிகாபிட் அனுப்பிக் காட்டியதை யாராவது இழுப்பார்கள். 2021-ல் காட்டினார்கள், உண்மைதான். உங்கள் ஸ்விட்ச் ஒரு கிகாபிட். அந்தப் பேச்சை அங்கேயே விடுங்கள்.

ஃபயர்வாலுக்கு ஓபன்பிஎஸ்டி. பிஎஃப் என்ற பாக்கெட் ஃபில்டர் அவர்கள் 2001-ல் எழுதியது. அதன் விதிகள் கிட்டத்தட்டப் பேச்சுமொழி மாதிரி இருக்கும்: எல்லாவற்றையும் தடு, உள்ளிருந்து வெளியே போவதை விடு, இந்த முகவரியிலிருந்து இந்த போர்ட்டுக்கு வருவதை விடு. உங்கள் அலுவலகத்துக்கு முப்பது வரி தாண்டாது. லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ் பழகியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே முதலில் பொருந்தும் விதியோடு கதை முடிந்துவிடும். பிஎஃப்பில் கடைசியாகப் பொருந்தும் விதிதான் ஜெயிக்கும், நடுவில் "குயிக்" என்று போட்டால் தவிர. முதல் வாரம் இது தலைகீழாகத் தெரியும். பிறகு பொது விதியை மேலே எழுதி, விதிவிலக்கைக் கீழே எழுதுவது கைக்கு வந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியிலும் பிஎஃப் இருக்கிறது, ஆனால் வருடங்கள் போகப் போக இரண்டின் எழுத்துமுறையும் விலகிவிட்டது. ஒன்றுக்கு எழுதிய உதாரணத்தை மற்றதில் அப்படியே ஒட்டாதீர்கள்.

உங்கள் பழைய பெட்டி 32 பிட் ப்ராசஸர் என்றால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13, 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் கெர்னலும் தருவதை நிறுத்திவிட்டது. உபுண்டு அதற்கு முன்பே நிறுத்திவிட்டது. ஓபன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் இன்னும் கைவிடவில்லை.

இனி ஓபன்பிஎஸ்டியின் குறை, நான் பட்டதையே சொல்கிறேன். அதன் ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைத்து, கரண்ட் போனாலும் சட்டென்று மீளும் வசதி) கிடையாது. ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வாசல் ஃபயர்வாலாக அதை வைத்திருந்தேன். மே மாதக் கோடை மழை, இடி. கரண்ட் போய்ப் போய் வந்தது, யூபிஎஸ் பேட்டரி செத்து எத்தனை மாதம் ஆனதோ. மூன்றாவது தடவை கரண்ட் வந்தபோது பெட்டி எழுந்து, டிஸ்க்கைச் சரிபார்த்து, தன்னால் முடியாது, ஆள் வந்து கைப்படச் சரிசெய் என்று நின்றுவிட்டது. அதற்கு மானிட்டரே இல்லை. நான் அன்று ஊரில் இல்லை. இரவு எட்டரைக்கு வாட்ச்மேன் அண்ணன் வரவேற்பறை மானிட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். "அண்ணா, எஃப், எஸ், சி, கே அடிங்க. அப்புறம் ஒரு இடம் விட்டு, நடுக்கோடு போட்டு, ஒய்." நடுக்கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான்கு நிமிடம். இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டது, ஒரு ஃபைலும் போகவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் செய்த முதல் வேலை புது பேட்டரி. இரண்டாவது, மாறாத பார்ட்டிஷன்களை எழுத முடியாதபடி மவுன்ட் செய்து, லாக் எழுதுவதை மெமரிக்கு மாற்றினேன். நம் ஊர் மின்சாரத்தில் இது கட்டாயம். இதே காரணத்துக்காக ஃபைல் சர்வரில் ஓபன்பிஎஸ்டி போட வேண்டாம் என்பேன். இசட்எஃப்எஸ்ஸும் அதில் கிடையாது.

இன்னொன்று. ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். கடைசி இரண்டு பதிப்புகளுக்குத்தான் திருத்தம் தருவார்கள். அதாவது ஒரு பதிப்பின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். பதிப்பைத் தாண்டித் தாவவும் கூடாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். ஒரே கட்டளையில் முடிகிற வேலைதான். ஆனால் மூன்று வருடம் மறந்துவிட்டால் ஆறு படி. "போட்டோமா, மறந்தோமா" என்று இருப்பவருக்கு ஐந்து வருட ஆதரவு உள்ள உபுண்டு எல்டிஎஸ்ஸோ டெபியனோதான் நேர்மையான தேர்வு. காலண்டரில் மே, நவம்பர் என்று இரண்டு நாள் குறித்து வைத்துக்கொள்பவர் என்றால் ஓபன்பிஎஸ்டி உங்களைத் தொந்தரவே செய்யாது.

லேப்டாப்பை மாற்றாதீர்கள். இதில் என் அனுபவம் குறைவு என்று முன்பே சொன்னேன், அதனால் பிஎஸ்டி டெஸ்க்டாப்பில் சந்தோஷமாக வாழ்பவர்கள் மறுத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் உங்கள் நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். ஜிஎஸ்டிக்கும் டெண்டருக்கும் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துள்ள யுஎஸ்பி) செருக வேண்டும். நான் கையில் எடுத்த டோக்கன்கள் எல்லாமே விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும்தான் டிரைவர் தந்தன. ஜெராக்ஸ் கடை தோறும் இருக்கும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டருக்கு லினக்ஸிலேயே மல்லுக்கட்ட வேண்டும். பிஎஸ்டியில் அதைவிட மோசம். ஓபன்பிஎஸ்டியில் ப்ளூடூத் 2014-லேயே தூக்கப்பட்டுவிட்டது, ப்ளூடூத் ஹெட்செட்டை மறந்துவிடலாம். ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபை நீண்ட காலம் பழைய வேகத்திலேயே ஓடியது, சமீபத்தில்தான் இன்டெல் சிப்களுக்கு நிலைமை தேறி வருகிறது. நெட்ஃப்ளிக்ஸின் படங்களை உலகம் முழுக்க அனுப்புவது ஃப்ரீபிஎஸ்டி. அதே ஃப்ரீபிஎஸ்டி லேப்டாப்பில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க நேர்வழி கிடையாது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

தமிழ் டைப்பிங் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவின் கீபோர்டு பட்டியலிலேயே தமிழ்99 இருக்கிறது. அதனால் எல்லா பிஎஸ்டியிலும் எழுத்து வரும். ஆனால் அது வெறும் விசை அமைப்பு மட்டும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் தானாகப் புள்ளி விழுவது போன்ற தமிழ்99-இன் சூட்சுமங்கள் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டுக் கருவி இருந்தால்தான் கிடைக்கும். உபுண்டுவில் அது இரண்டு நிமிட வேலை. கறுப்புத் திரை கன்சோலில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது, இது லினக்ஸுக்கும் பொருந்தும்.

நெட்பிஎஸ்டி பற்றி நீளமாக எழுத ஆசைதான், ஆனால் உங்கள் தேவைக்கு அது வராது. வாக்ஸ் என்ற பழங்காலக் கணினியிலிருந்து இன்றைய ஏஆர்எம் போர்டு வரை ஓடும். நிரல் வாசிக்கக் கற்றுக்கொள்ள அதைவிடச் சுத்தமான இடம் குறைவு. 9.0 வந்தது 2020 பிப்ரவரியில், 10.0 வந்தது 2024 மார்ச்சில். சின்னக் குழு, நிதானமான நடை. வீட்டில் பழைய மெஷின் இருந்தால் போட்டு விளையாடுங்கள், சம்பளம் வாங்கும் இடத்தில் வேண்டாம்.

இதுவரை சொன்னதில் தொழில்நுட்பப் பகுதி உறுதியானது. இனி சொல்வது என் கணிப்பு. நீங்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்கும்போது சர்வர் நின்றால் உங்கள் இடத்தில் யார் உட்காருவார்? ஈரோட்டில் லினக்ஸ் தெரிந்த பையனை ஒரு ஃபோனில் பிடிக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி தெரிந்த ஆள் கிடைப்பது சிரமம். இதை முதலாளியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கு ஈடாக ஒன்று உண்டு. பிஎஸ்டிகளின் ஆவணங்கள் நன்றாக இருக்கும். ஃப்ரீபிஎஸ்டிக்கு ஹேண்ட்புக். ஓபன்பிஎஸ்டியில் மேனுவல் பக்கத்தில் தவறு இருந்தாலே அதை பக் என்று எடுத்துக்கொள்வார்கள். உபுண்டு பிரச்சினையைத் தேடினால் 2012-ல் யாரோ எழுதிய பதில் முதலில் வரும், அதைப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வோம். பொறுமையாக இருபது பக்கம் படிக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஃபைல் சர்வரில் உபுண்டு எல்டிஎஸ் போட்டு, டேட்டா டிஸ்க்கை மட்டும் இசட்எஃப்எஸ் மிரராக வையுங்கள். நான் ஃப்ரீபிஎஸ்டியில் புகழ்ந்ததில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். எனக்கு அதில் மனக்குறை ஒன்றும் இல்லை. சிஸ்டம்டி பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக பிஎஸ்டிக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள்.

இரண்டு பெட்டியையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். முதலில் ஃபைல் சர்வர். ஃப்ரீபிஎஸ்டி போட்டு, இரண்டு டிஸ்க்கையும் மிரராக்கி, சாம்பா அமைத்து, டேலியின் நகல் ஒன்றை மட்டும் அதில் வைத்து இரண்டு வாரம் ஓட்டுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பின், பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கின் கேபிளை உருவுங்கள். காப்பி நிற்கிறதா, ஸ்டேட்டஸில் எந்த டிஸ்க் போனது என்று தெரிகிறதா என்று பாருங்கள். கேபிளைத் திரும்ப மாட்டி, மிரர் சேரும் வரை காத்திருங்கள். அடுத்து மெயின் ஸ்விட்சையே அணையுங்கள். அதன் பிறகு வேண்டுமென்றே டேலி ஃபோல்டரை அழித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டெடுங்கள். எனக்கு முதல் தடவை ஐம்பது நிமிடம் ஆனது. மூன்றாவது தடவை ஆறு நிமிடம்.

அதை முடித்த பிறகு ஃபயர்வாலுக்கு வாருங்கள். அந்தப் பழைய பெட்டியின் ப்ராசஸர் பெயரும், அதில் எத்தனை நெட்வொர்க் போர்ட் இருக்கிறது என்பதும், யூபிஎஸ் பேட்டரி எந்த வருடம் வாங்கியது என்பதும் எழுதி அனுப்புங்கள். பிஎஃப் விதிகளின் முதல் வரைவை நானே எழுதித் தருகிறேன்.